பெருநாள் பயணமும் படகுச் சவாரியும்: ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாளிலிருந்து நுவரெலியா நகரம் நமது சமூகத்தவர்களால் நிரம்பிவிடும். காத்தான்குடி, கல்முனை, அக்குறணை, மாவனல்லை, கொழும்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வேன்களும் பஸ்களும் வந்து சேரும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இதே நிலைதான். ஏப்ரல் மாத வசந்தகாலக் கொண்டாட்டத்தோடு பெருநாள் விடுமுறையும் சேர்ந்துகொண்டால் கிரகரி வாவிக் கரையில் நிற்க இடமிருக்காது. வந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் ஒரு தடவை படகில் ஏறுவார்கள். பிள்ளைகள் விடமாட்டார்கள்.

இதில் குறை காண எதுவுமில்லை. உழைத்துக் களைத்த குடும்பங்கள் சந்தோஷமாக இருப்பது நல்ல விடயம். ஆனால் மலையகத்தில் வாழ்கின்ற, பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அடிக்கடி வந்து சேர்கின்ற ஓர் ஆசிரியன் என்ற வகையில், ஒரு விடயம் என்னை நீண்டகாலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் ஏறும்போது சாரதி யார், பிரேக் எப்படி, இரவில் தூங்கினாரா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், படகில் ஏறும்போது கேட்பது ஒரேயொரு கேள்வியைத்தான்: "ஆளுக்கு எவ்வளவு?"

நமது சமூகத்துக்கு இது தூரத்துப் பிரச்சினை அல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் தற்காலிகப் படகுப் பாதை ஒன்றில் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அது கவிழ்ந்தது. அன்றைய தினமே ஆறு பேரின் மரணம் உறுதியானது. அவர்களில் அதிகமானோர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள். பின்னர் அந்த எண்ணிக்கை மேலும் கூடியது. அது உல்லாசப் பயணமல்ல, அன்றாடப் பயணம். ஆனாலும் அதிலுள்ள பாடம் இரண்டுக்கும் பொதுவானது. தண்ணீரில் மிதக்கிற எல்லாமே பயணிகளை ஏற்றத் தகுதியானவை அல்ல.

கடலுக்கு அப்பால் கேரளாவில் நடந்தது இதைவிடப் பெரிது. 2023 மே 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மலப்புரம் மாவட்டத்தின் தானூர் பகுதியில் தூவல் தீரம் கடற்கரையை அண்டி உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மரணித்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்க வந்த, நம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் குடும்பம் அது. பின்னர் வெளிவந்த தகவல்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. மீன்பிடிப் படகொன்று இரண்டு தட்டு உல்லாசப் படகாக மாற்றப்பட்டிருந்தது. கொள்ளளவுக்கு மேல் ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தார்கள். இருட்டும் நேரத்தில் கடைசிச் சவாரியாக அது புறப்பட்டது.

எட்டு மாதங்கள் கழித்து, 2024 ஜனவரி 18ஆம் திகதி, குஜராத் மாநிலத்தின் வடோதரா நகரிலுள்ள ஹர்ணி ஏரியில் பாடசாலைச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கினார்கள். அங்கேயும் அளவுக்கு மீறிய ஆட்கள். அங்கேயும் பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் உயிர்காப்பு அங்கி இல்லை. அது கடலுமல்ல, காட்டாறுமல்ல. நகரத்தின் நடுவே கரை கட்டி அழகுபடுத்தப்பட்ட ஏரி. கிரகரி வாவியைப் போன்றது என்று சொன்னால் நமது வாசகர்களுக்கு விளங்கும்.

நமது நாட்டிலேயே 2017 பெப்ரவரி 19ஆம் திகதி களுத்துறை மாவட்டத்தின் கட்டுகுருந்தைப் பகுதியில் ஆலயத் திருவிழாவுக்குப் புறப்பட்டவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெருநாளானாலும் திருவிழாவானாலும் கதை ஒன்றுதான். சந்தோஷமான நாள், அதிகமான ஆட்கள், ஒரேயொரு படகு, "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்ற குரல்.

படகு ஏன் கவிழ்கிறது?

காற்றும் அலையும்தான் படகைக் கவிழ்க்கின்றன என்று நாம் நினைக்கிறோம். உல்லாசப் படகுகளைப் பொறுத்தவரை பல வேளைகளில் உள்ளே இருப்பவர்களே அதைக் கவிழ்க்கிறார்கள். இதை வகுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் சில கற்களையும் வைத்து விளக்கிவிடலாம். கற்களைத் தட்டின் அடியில் பரப்பி வைத்தால் தட்டு ஆடினாலும் நேராகிவிடும். அதே கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிறிய ஆட்டத்துக்கே சாய்ந்துவிடும். பாரம் அதேதான். பாரத்தின் உயரம்தான் மாறியிருக்கிறது.

படகில் உட்கார்ந்திருக்கும் மனிதன் பரப்பி வைத்த கல். எழுந்து நிற்கும் மனிதன் அடுக்கி வைத்த கல். மேல்தட்டில் ஏறி நிற்பவர் இன்னும் உயரத்திலுள்ள கல். ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு நகர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி கேரளாவின் தேக்கடியில், பெரியாறு ஏரியில், அரச சுற்றுலாக் கூட்டுத்தாபனத்தின் ஜலகன்யகா என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மரணித்தார்கள். கரையில் காட்டு மிருகங்களைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கம் நெருங்கினார்கள் என்பது அப்போது அதிகம் பேசப்பட்டது. அந்தப் படகு சேவைக்கு வந்து அதிக நாட்கள் ஆகியிருக்கவில்லை. புதிய படகு, அரசாங்கப் படகு என்ற நம்பிக்கை அங்கே எவரையும் காப்பாற்றவில்லை. இன்று மிருகங்கள் தேவையில்லை, ஒரு கைத்தொலைபேசி போதும். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, செல்ஃபி எடுப்போம்" என்று ஒருவர் சொன்னால் பத்துப் பேர் நகர்வார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. படகின் அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர். சில வாளித் தண்ணீர்தானே என்று தோன்றும். ஆனால் படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தத் தண்ணீர் முழுவதும் அதே பக்கத்துக்கு ஓடுகிறது. சாய்வை அது கூட்டுகிறது. கூடிய சாய்வு மேலும் தண்ணீரை இழுக்கிறது. ஆகவே காலடியில் தண்ணீர் சலசலக்கும் படகில் ஏறாமல் இருப்பதே நல்லது. படகின் விளிம்புக்கும் வெளித் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்பதையும் ஏறுமுன் கண்ணால் பார்த்துவிடலாம். ஆட்கள் ஏறியபின் அந்த இடைவெளி ஒரு சாண் அளவுக்குக் குறைந்துவிட்டால், பக்கத்தில் போகும் வேகப்படகின் அலையே உள்ளே தண்ணீரைக் கொட்டப் போதுமானது.

மாற்றியமைத்த படகுகளைப் பற்றி என் கருத்தைக் கடுமையாகவே சொல்கிறேன். மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் அடியில் சுமப்பதற்கு வடிவமைக்கப்பட்டது. அதன் மேலே கூரையும் தட்டும் கதிரைகளும் அடித்துவிட்டால் அது சுற்றுலாப் படகு ஆகிவிடாது. ஏணி வைத்து மேல்தட்டுக்கு ஏற்றும் சிறிய படகு எங்கே இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், எனது பிள்ளைகளை அதில் ஏற்றமாட்டேன்.

நமது மலைநாட்டுத் தண்ணீர்

கிரகரி வாவி 1873இல், அப்போதைய ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவாக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நகரத்தின் வாவி அது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் புல்வெளியில் வெண்பனி உறையும் ஊர் இது. காத்தான்குடியிலோ கொழும்பிலோ கடலில் குளித்துப் பழகிய ஒருவர் இந்தக் குளிரை அறியமாட்டார். திடீரெனக் குளிர்ந்த நீரில் விழும்போது உடம்பு தன்னை அறியாமலே பெரிதாக மூச்சை உள்ளிழுக்கிறது. அந்தக் கணத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். முதல் ஒரு நிமிடம் மூச்சு இறைக்கும், இதயம் படபடக்கும், கை கால் சொன்னபடி கேட்காது. அதன்பின் மூச்சு மெல்ல அடங்கும். நீந்தத் தெரிந்தவர்களும் அந்த முதல் நிமிடத்தில்தான் மூழ்கிப்போகிறார்கள். ஆகவே "எனக்கு நீந்தத் தெரியும், அங்கி வேண்டாம்" என்பது அறியாமையால் வரும் பேச்சு. விழுந்தவர் முதலில் செய்ய வேண்டியது நீந்துவது அல்ல. மல்லாந்து, முகத்தை மேலே வைத்து, மூச்சு சீராகும்வரை மிதந்து கிடப்பதே. அதற்கு உடம்பில் அங்கி இருக்க வேண்டும்.

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் தடித்த ஜாக்கெட், கம்பளிச் சால்வை, சப்பாத்து, அபாயா என்று அடுக்கடுக்காக உடுத்தியிருப்பார்கள். இவை நனைந்தால் கை கால்களை அசைக்க விடாது. படகுக்குள் மறுபடி ஏற முயலும்போது கல்லைப் போல் இழுக்கும்.

ஹட்டன் பக்கம் வந்தால் காசல்ரீ, மவுஸ்ஸாகலை என்று இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். இரண்டும் 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கப்பட்டவை. மவுஸ்ஸாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. வரட்சிக் காலத்தில் நீர் வடியும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். பார்க்கப் போகும் கூட்டமும் திரளும். இந்தக் காட்சியிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் அடிப்பகுதி குளத்தைப் போல் மெதுவாகச் சரிவதில்லை. அது மூழ்கிப்போன பள்ளத்தாக்கு. கரையிலிருந்து நாலடி வைத்தால் ஆளுக்குமேல் ஆழம். அடியில் மரக்கட்டையும் சுவரும் சேறும் இருக்கும். இன்று முழங்காலளவு இருந்த இடம் நாளை தலைக்குமேல் இருக்கலாம், ஏனென்றால் நீர்மட்டம் மழையைப் பொறுத்தது மாத்திரமல்ல, மின்னுற்பத்தியையும் பொறுத்தது. தோட்டப் பகுதிகளில் சுற்றுவழியில் போகாமல் தோணியில் குறுக்கே கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உல்லாசமல்ல. ஆனால் வெளியூரிலிருந்து வருபவர்கள் அந்தத் தோணிகளைக் கண்டு, காசு கொடுத்து ஒரு சுற்றுப் போகக் கேட்பதுதான் ஆபத்து. இரண்டு பேருக்கான தோணியில் ஆறு பேர் ஏறினால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

இந்த நீர்த்தேக்கங்களுக்கு வரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழே ஒன்றாகி களனி கங்கையாகின்றன. அதே தண்ணீர்தான் கித்துல்கலையில் இளைஞர்கள் றாஃப்டிங் போகும் வெள்ளை நீர். மேலேயுள்ள மின்னிலையங்கள் நீரைத் திறந்துவிட்டால் அங்கே நீர்மட்டம் திடீரென ஏறும், மேலே வானம் தெளிவாக இருந்தாலும்கூட. றாஃப்டிங்கில் தலைக்கவசமும் அங்கியும் அணிவித்து, பத்து நிமிடம் விளக்கம் சொல்லித்தான் பொறுப்பான வழிகாட்டிகள் அழைத்துப் போகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு ஓர் ஆச்சரியம். ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒழுங்கு இருக்கிறது. அமைதியான வாவியில்தான் அங்கி கதிரைக்கு அடியில் கிடக்கிறது.

மலைநாட்டில் பிற்பகல் மழையையும் மின்னலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலை வெயிலாக இருந்து இரண்டு மணிக்குப் பின் இடி இறங்குவது வழமை. விரிந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் படகும் அதிலிருக்கும் மனிதனும்தான். இடி கேட்டவுடனே கரைக்குத் திரும்ப வேண்டும். காசு கொடுத்த அரை மணித்தியாலம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

நமது மலையகக் குடும்பங்கள் மறுபுறமாகக் கடலுக்கு இறங்குகின்றன. நிலாவெளியிலிருந்து புறாத்தீவு, கற்பிட்டியில் டொல்பின், மிரிஸ்ஸையில் திமிங்கிலம், பலப்பிட்டியில் மாது கங்கை. கடலுக்குப் பருவம் உண்டு. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு ஓரளவு அமைதியாக இருக்கும். வடகீழ் பருவக்காற்றில் நிலைமை தலைகீழ். ஆகவே மிரிஸ்ஸைக்கும் கற்பிட்டிக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, திருகோணமலைக்கு மே முதல் செப்டெம்பர் வரை என்பது சுற்றுலா வியாபாரிகள் உண்டாக்கிய கணக்கு அல்ல, காற்றின் கணக்கு. பெருநாள் ஒவ்வோராண்டும் சுமார் 11 நாட்கள் முன்னோக்கி நகர்கிறது. சென்ற தடவை பெருநாளுக்குப் போன அதே கடற்கரை, சில வருடங்களுக்குப் பின் அதே பெருநாளில் போகத் தகாத இடமாக மாறியிருக்கும். பெருநாளைப் பார்த்துத் திட்டம் போடுகிற நாம் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு நாளுக்குள்ளும் கடல் மாறும். காலையில் கடல் தணிந்திருக்கும். வெயில் ஏறத் தரை சூடாகி, மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். பிற்பகலில் அலை எழும்பும். ஆகவே கடல் சவாரியைக் காலையில் வைத்து ளுஹருக்கு முன் கரைக்கு வந்துவிடுவது நல்லது. வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்காக வெளியிடும் கடல் வானிலை அறிக்கை நமக்கும்தான். மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்ன நாளில், நீந்தத் தெரியாத தோட்டப்புறத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மஃரிபுக்குப் பின் படகில் ஏறுவதே இல்லை என்று ஒரு முடிவு எடுத்துக்கொள்வது நல்லது. இருட்டில் விழுந்தவரைத் தேட முடியாது. தானூரில் மீட்பு வேலையைக் கடினமாக்கியதும் இருட்டுத்தான்.

அங்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரையில் கொடுக்கப்படும் செம்மஞ்சள் நிற ஆடை எல்லாம் ஒன்றல்ல. அவற்றின் மிதக்கும் விசை நியூட்டனில் எழுதப்பட்டிருக்கும். 50 என்றால் ஏறத்தாழ ஐந்து கிலோ அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கு அருகில், உதவியாக மாத்திரம் பயன்படும். 100, 150 என்று உயரும்போதுதான் மயங்கிய ஒருவரையும் மல்லாத்தி முகத்தை மேலே வைத்திருக்கும் அங்கியாகிறது. கழுத்துக்குப் பின்னால் தடித்த பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், தலையைத் தாங்குவது அதுதான். வாப்பாவின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் விழுந்தவுடன் பிள்ளை கீழே வழுகிவிடும், அங்கி மாத்திரம் மேலே மிதக்கும். சரிபார்க்கும் வழி இலகுவானது. அங்கியைப் பூட்டியபின் இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள். நாடியைத் தாண்டி மேலே வந்தால் அது பெரிது. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையில் மாட்டும் பட்டி அவசியம். பூட்டு உடைந்த, உள்ளே நுரை நொறுங்கிய, வெயிலில் வெளிறிய அங்கி வெறும் துணிதான்.

பெண்கள் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதை அடிக்கடி காண்கிறேன். அபாயாவுக்கு மேல் அதைப் போட்டுப் பூட்டிக்கொள்வதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவுமில்லை, உண்மையில் அது மேலும் ஒரு மறைப்பு. முந்தானைப் பக்கத்தை அங்கிக்குள் சொருகிக்கொண்டால் நீரில் முகத்தில் ஒட்டாது. காலால் மிதிக்கும் அன்னப் படகுகளில் அபாயாவின் ஓரம் மிதியில் சிக்காதபடி கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையை மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே அங்கியைப் பூட்டுவது மிகவும் ஆபத்தானது.

படகோட்டியிடம் கேட்க வேண்டியவை நான்கைந்துதான். எத்தனை பேர் ஏற்றலாம், அது படகில் எழுதப்பட்டிருக்கிறதா? அனுமதிப்பத்திரம் எங்கே? எல்லோருக்கும் அளவான அங்கி உண்டா? இயந்திரம் நின்றால் என்ன செய்வீர்கள், துடுப்பு இருக்கிறதா? வேகப்படகென்றால், ஓட்டுபவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிறு அவரது கையிலோ காலிலோ மாட்டப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் ஓட்டுநர், பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். எல்லோரும் அப்படி அல்ல. அங்கி போடாவிட்டால் படகை அவிழ்க்கவே மாட்டேன் என்று நின்று, அதற்காகப் பயணிகளிடமே ஏச்சு வாங்கும் படகோட்டிகளையும் கிரகரி வாவியில் கண்டிருக்கிறேன். "அரை மணித்தியாலத்துக்கு எதுக்கு இந்தச் சடங்கு?" என்று கேட்டவர்கள் நம்மவர்கள்தான்.

பாடசாலைச் சுற்றுலாவுக்கு அனுமதி பெற நான் நிரப்பிய விண்ணப்பங்களில் பஸ்ஸின் காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம், தங்குமிடம் எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. தண்ணீரில் இறங்குவீர்களா, படகில் ஏற்றுவீர்களா என்று கேட்ட கேள்வி எதுவும் என் நினைவில் இல்லை. இடத்தின் பெயர் இருக்கும், அங்கே என்ன செய்வோம் என்பது இருக்காது. படகு என்பது பயணத் திட்டத்தில் எழுதப்படாமல், அந்த இடத்தில், பிள்ளைகளின் கெஞ்சலில் முடிவாகிற விடயம். அதிபர்மார் இதைத் தங்கள் மட்டத்திலேயே மாற்றலாம். படகுச் சவாரி இருந்தால் அது பெற்றோரின் சம்மதக் கடிதத்தில் தனியாக எழுதப்பட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு நீந்தத் தெரியும், யாருக்கு வலிப்பு, ஆஸ்துமா உண்டு என்ற பட்டியல் ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். எல்லா ஆசிரியர்களும் படகில் ஏறிவிடாமல், பெயர்ப் பட்டியலோடு ஒருவராவது கரையில் நிற்க வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது தெரியாவிட்டால் எத்தனை பேரைத் தேடுவது என்பதும் தெரியாது. கவிழ்ந்த படகுகளின் விடயத்தில் பல மணித்தியாலங்கள் வீணாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மரணித்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். அதே ஆண்டு ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அறிவித்தது. பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்பதும் படகுச் சட்டங்களைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதும் அந்த அமைப்பு வலியுறுத்தும் வழிகளில் முக்கியமானவை.

இங்கே மார்க்கம் சார்ந்த ஒரு விடயத்தை மனம் திறந்து பேச வேண்டும். நீரில் மூழ்கி மரணிப்பவர் ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்கிறார் என்பது நபிமொழிகளில் வந்திருக்கிறது. பிள்ளையை இழந்த உம்மாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் எதுவுமில்லை. ஆனால் அந்த ஆறுதல் பறிகொடுத்தவர்களுக்கு உரியது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியவருக்கும் அனுமதியில்லாத படகைக் கண்டும் காணாமல் இருந்தவருக்கும் அது பாதுகாப்புக் கவசமல்ல. விபத்து நடந்த மூன்றாம் நாள் "கத்ர்" என்று சொல்லி விசாரணையை மூடிவிடுகிறோம். கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. அமானிதமாக ஏற்ற உயிர்களைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் என்பதும் அதே ஈமானின் பகுதிதான். கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்கத் துளை போட முனைந்தால் மேல்தட்டில் இருப்பவர்கள் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும் என்ற நபிமொழி உவமையை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அதை எப்போதும் சமூகச் சீர்கேடுகளுக்கே பொருத்திப் பேசுகிறோம். ஒரு தடவையாவது உண்மையான படகுக்கும் பொருத்திப் பேசினால் நல்லது, பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில்.

நீச்சல் விடயத்திலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். மலையகத்தில் நீச்சல் தடாகம் உள்ள பாடசாலைகள் அரிது. இருக்கும் இடங்களிலும் நமது பெண் பிள்ளைகள் பெரும்பாலும் விடுபடுகிறார்கள். பெண் பயிற்றுவிப்பாளர், தனி நேரம், உரிய ஆடை என்று ஏற்பாடு செய்தால் தடையாக நிற்பது எதுவுமில்லை. முழுமையாக நீந்தக் கற்காவிட்டாலும் மல்லாந்து மிதக்கவும், ஒரு பத்து மீற்றர் நகரவும் தெரிந்தாலே போதும், உதவி வரும்வரை உயிர் தாக்குப்பிடிக்கும். மூழ்குகிற பெண்ணை அந்நிய ஆண் தொட்டுத் தூக்கலாமா, மூச்சுக் கொடுக்கலாமா என்று கரையில் ஒரு கணம்கூட எவரும் தயங்கக் கூடாது. நிர்ப்பந்த நிலையில் தடுக்கப்பட்டது ஆகுமாகும் என்ற சட்ட விதி இதற்காகவே இருக்கிறது. மௌலவிமார் இதை மிம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும்.

மூழ்குகிறவர் கையைத் தூக்கிக் கூப்பிடுவார் என்பது சினிமா. மூச்சுக்குப் போராடுபவரால் கத்த முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், பார்வை வெறித்திருக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். சத்தம் போட்டு விளையாடிய பிள்ளை திடீரென மௌனமானால் உடனே பாருங்கள். ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பாய்வதே நமது இயல்பு. ஒருவரைத் தேடிப் போய் மூவர் ஜனாஸாவாகத் திரும்புவது அதனால்தான். கம்பு, துடுப்பு, சால்வை எதையாவது நீட்டுங்கள். எட்டாவிட்டால் அங்கி, டயர் டியூப், மூடியிறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன் எதையாவது எறியுங்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரையை நோக்கி நீந்த வேண்டாம். பெரும்பாலான படகுகள் கவிழ்ந்தும் மிதக்கும், பிடித்துக்கொண்டிருப்பவர் தேடுபவர்களின் கண்ணுக்கும் தெரிவார்.

கரைக்குக் கொண்டுவந்தபின் நம் ஊர்களில் செய்யும் சில காரியங்களை நிறுத்த வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. இவை வீணாக நேரத்தைத் தின்பவை. வயிற்றிலுள்ளது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதே முதல் வேலை. மாரடைப்பில் விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துவது முதலில் வரும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது ஒட்சிசன் என்பதால் மூச்சு முதலில் வருகிறது. ஐந்து தடவை மூச்சுக் கொடுத்தும் அசைவில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில் அம்பியூலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, நனைந்த உடுப்பை நீக்கி, உலர்ந்த போர்வையால் மூட வேண்டும். நுவரெலியாக் குளிரில் இது மிக அவசியம். எழுந்து உட்கார்ந்து "இப்ப சுகம்" என்று சொன்னாலும், தண்ணீர் குடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. நுரையீரலில் பாதிப்பு சில மணித்தியாலங்கள் கழித்தும் வெளிப்படும். சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பும் மீட்பும் 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஒவ்வொரு பெருநாளுக்கும் சுற்றுலா பஸ் ஒழுங்கு செய்யும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வாலிபர் சங்கங்களும் ஊர்களில் நிறைய இருக்கின்றன. ஊரில் ஜனாஸாப் பெட்டி, பந்தல், கதிரை, சமையல் சட்டி எல்லாம் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம். அதே வரிசையில் நல்ல தரமான முப்பது அங்கிகளை, அதில் பத்தைச் சிறுவர் அளவில், வாங்கி வைத்தால் சுற்றுலா போகும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அனுப்பலாம். பாடசாலைகளும் இரவல் வாங்கலாம். திரும்பி வந்ததும் நன்னீரில் கழுவி, வெயிலில் அல்லாமல் நிழலில் காயவைக்க வேண்டும். பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுதானதை ஒதுக்கிவிட்டுத்தான் மீண்டும் அடுக்க வேண்டும்.